ஓ.எஸ்.ஆர். காருவுக்குக் கண்ணீர் அஞ்சலி

இப்போதெல்லாம் ஒரு காலி இடத்தைப் பூங்காவாக்க வேண்டும் என்றால் முதலில் ட்ரோன் விடுகிறார்களாம். அது மேலே போய்ப் படம் பிடிக்குமாம். கம்ப்யூட்டர் அதற்குப் பச்சை அடித்துக் காட்டுமாம். போன மாதம் ஓய்வுபெற்றோர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் இதை வாயைப் பிளந்துகொண்டு சொன்னார். "எங்க காலத்துல ட்ரோன் நான்தான்யா. வேப்பமரத்துல ஏறிப் பாப்பேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் மட்டும் சிரிக்காமல், "எத்திராஜு, இத்தையே நம்ம ஆண்டு மலருக்கு எழுதிக் குடு" என்றார்.

எழுதுகிறேன். நான் படித்தது நான்காம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பு வாத்தியாருக்கு என்னைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. எழுத்தில் பிழை இருந்தால் அச்சகத்தார் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இருக்காது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு அடுத்தாற்போல் ஒரு பேரூராட்சியில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். எந்தப் பேரூராட்சி என்று எழுத மாட்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும். தினக்கூலி மஸ்தூராகச் சேர்ந்தேன். சாக்கடை அள்ளினேன், தெருவிளக்கு மாற்றினேன், நாய் பிடித்தேன், நாயும் என்னைப் பிடித்தது. பயிற்சி என்றால் அவ்வளவுதான். ஓய்வு பெறும்போது நான் பூங்கா மேஸ்திரி. அப்படி ஒரு பதவி அரசாங்கத்தில் கிடையாது. நானே வைத்துக்கொண்டேன். முதல் வருடம் நான் மட்டும் சொன்னேன். அடுத்த வருடம் தெருவில் சொன்னார்கள். அதற்கடுத்த வருடம் ஆபீஸ் தபால் புத்தகத்திலேயே 'பூங்கா மேஸ்திரியிடம் கொடுக்கவும்' என்று எழுதிவிட்டார்கள். ஒரு மனிதன் தனக்குத்தானே பதவி உயர்வு கொடுத்துக்கொள்ள முடியும் என்பதற்கு நான் அத்தாட்சி.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய மனைப்பிரிவு போடுகிறவர்கள் நிலத்தில் ஒரு பங்கைப் பொது உபயோகத்துக்கு விட்டு, பேரூராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். வரைபடத்தில் அந்தத் துண்டுக்குப் பச்சை அடித்திருக்கும். ஆபீசில் அதற்கு ஓ.எஸ்.ஆர். நிலம் என்று பெயர். ஓப்பன் ஸ்பேஸ் ரிசர்வேஷன். தமிழில் திறந்தவெளி ஒதுக்கீடு. பச்சை எல்லாம் வரைபடத்தில்தான். நேரில் போனால் சீமைக்கருவேலம், உடைந்த வாஷ்பேசின், பட்டறைக் கசடு, செத்த பெருச்சாளி ஒன்று, உயிரோடு நாலு.

அப்படிப்பட்ட ஆறு துண்டுகளை நான் பூங்காவாக்கினேன். பேரூராட்சி ஆக்கியது என்று கல்வெட்டில் இருக்கும். கல்வெட்டைப் படிக்காதீர்கள், என்னைக் கேளுங்கள்.

என் முறை தனி. மற்றவர்கள் முதல் நாளே குழி வெட்டுவார்கள். நான் முதல் நாள் பெஞ்சு போடுவேன். உடைந்த சிமெண்டு மின்கம்பத்தில் இரண்டு துண்டு, அடியில் செங்கல், முடிந்தது பெஞ்சு. சாயந்திரம் எவனாவது வந்து உட்காருவான். வெயில் சுடும். "இன்னா மேஸ்திரி, ஒரு மரம் வெக்கக் கூடாதா?" என்பான். அப்போதுதான் வைக்க வேண்டும். அவன் கேட்டு வைத்த மரத்துக்கு அவனே தண்ணீர் ஊற்றுவான். நாமாக வைத்த மரத்தில் பல்குச்சி ஒடிப்பான்.

குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழம் மூன்றடி. கசடு ஒரு கூடைகூட உள்ளே இருக்கக் கூடாது. ஏரி வண்டலும் மக்கின குப்பையும் போட்டு, புரட்டாசிக் கடைசியில் நட்டுவிட்டால் ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குச் சம்பளமில்லாத மஸ்தூர்கள். புங்கன், பூவரசு, வேம்பு. ரோஜா கேட்பார்கள், காது கேட்காதது போல் நிற்க வேண்டும். ஆடு கடிக்காமல் இருக்க ஆட்டுப் புழுக்கையையே கரைத்து இலையில் தெளிக்க வேண்டும். தான் போட்டது பட்ட இலையில் ஆடு வாய் வைக்காது. மனிதனுக்கு அந்த நாசூக்கு கிடையாது.

இனி ஏழாவது துண்டின் கதை.

செந்தாமரை நகர் என்று ஒரு மனைப்பிரிவு. அங்கே இருப்பவர்கள் பூராவும் கம்பெனி ஆட்கள். மூன்று ஷிப்டு. ஒரு வீட்டில் தூங்கும்போது அடுத்த வீட்டில் சமைப்பார்கள், அதற்கடுத்த வீட்டில் சண்டை போடுவார்கள். நடுவில் இருபது சென்ட் ஓ.எஸ்.ஆர். நிலம். அதில் ஒருத்தர் ஆட்டுக்கொட்டகை போட்டிருந்தார், ஒருத்தர் பழைய டயர் அடுக்கியிருந்தார், மற்றவர்கள் குப்பை கொட்டினார்கள். அப்போதிருந்த செயல் அலுவலர் என்னைக் கூப்பிட்டு, "இந்த இடம் பேரூராட்சிக்குச் சொந்தமான திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலம், அத்துமீறுவோர் மீது சட்டப்படி கடும் நடவடிக்கை எடுக்கப்படும் என்று போர்டு வை" என்றார். தகரமும் கொடுத்தார். மூன்றடித் தகரம்.

என் எழுத்து பெரிய எழுத்து. பெயிண்டில் எழுதினால் பஸ்ஸில் போகிறவனும் படிப்பான். 'திறந்தவெ' என்பதிலேயே தகரம் தீர்ந்துவிட்டது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். யோசித்தேன். சுருக்கமாக எழுதினேன்:

'இது ஓ.எஸ்.ஆர். நிலம். கை வைத்தால் விடமாட்டோம்.'

சிவப்பு பெயிண்ட்தான் இருந்தது. கொஞ்சம் வழிந்தது.

ஒரே வாரம். ஆட்டுக்கொட்டகையைக் காணோம். டயரைக் காணோம். குப்பை கொட்டுகிறவர்கள் அந்தப் பக்கமே திரும்பாமல் நடந்தார்கள். என் எழுத்துக்கு இவ்வளவு சக்தியா என்று எனக்கே கர்வமாக இருந்தது. முனையிலிருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் ஏகாம்பரம் குனிந்து என் காதோரம் வந்தார்.

"மேஸ்திரி, அது யாரு எடம்னு தெரியுமா? ஓ.எஸ்.ஆர். காரு எடம்."

"காரா? இன்னா காரு?"

"அட, வண்டி இல்ல மேஸ்திரி. தெலுங்குல மரியாதைக்கு காரும்பாங்க. ஆந்திராக்காரரு. மூணு எழுத்துல பேரு வெச்சிக்கினாலே அங்க பெரிய கை. சூளூர்ப்பேட்டைக்கு அப்பால முப்பது லாரி ஓடுது. சிரிக்கவே மாட்டாரு. ஒருத்தன் சிரிச்சதுக்கே ஊர விட்டுப் பூட்டான்."

"நீ எங்கப்பா பாத்த?"

"இன்னா இப்டி கேட்டுட்ட? போன மாசம் இதே பெஞ்சுல குந்திக்கினு ரெண்டு டீ சாப்ட்டாரு. சக்கர கம்மியா."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எழுந்து போய் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு பைசா செலவில்லாமல், இருபத்து நாலு மணி நேரமும், லீவு போடாமல் காவல் காக்க ஓர் ஆள் கிடைத்திருக்கிறான். அவன் இல்லாத ஆள் என்பது ஒரு குறையா? எங்கள் ஆபீசில் இருந்த சில பேரே அப்படித்தான்.

மூன்று வருடம் ஓ.எஸ்.ஆர். காரு அந்த நிலத்தைக் காத்தார். அவர் நாளொரு மேனியாக வளர்ந்தார். அவருக்கு நெல்லூரில் அரிசி ஆலை வந்தது. வெள்ளை ஜீப் வந்தது. இரண்டாவது சம்சாரம் வந்தது. எனக்கு ஓய்வு வந்தது.

ஓய்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது எங்களுக்குப் புதுச் செயல் அலுவலர், கலைவாணி மேடம். இவரைப் பற்றி நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். மேஜையில் ஒரே ஒரு பென்சில். காலையில் வந்ததும் பிளேடால் சீவி, சீவின தூளை ஒரு பழைய உறைக்குள் போட்டு மூடுவார். தரையில் ஒரு துரும்பு விழாது. குரல் உயராது. நாம் எதைச் சொன்னாலும் முழுக்கக் கேட்பார். முடித்ததும் நம் முகத்தைப் பார்த்து மூன்றே சொல்லாக ஒன்று சொல்வார்: "சரி. எழுத்துல குடுங்க." ஒரு நாள் ரெக்கார்டு அறையில் பாம்பு வந்து கிளார்க் கத்தினபோது, இவர் காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு, "எந்த பீரோன்னு எழுத்துல குடுங்க" என்றதாக ஆபீசில் பேச்சு. நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

நான்காம் வகுப்புப் படித்தவனுக்கு இப்படி ஓர் அதிகாரி வாய்த்தால் என்ன கதி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் ஒருநாள் கூப்பிட்டார். "மேஸ்திரி, செந்தாமரை நகர் ஓ.எஸ்.ஆர். இடத்துல குப்பை பிரிக்கிற கொட்டகை போடணும்னு வார்டு உறுப்பினர் கேக்கறார். நீங்க பூங்கா வேணுங்கறீங்க. அடுத்த மாசம் மன்றக் கூட்டம். அந்தத் தெரு ஜனங்க பூங்கா கேட்டு மனு குடுத்தா நான் பூங்காவ வைக்கறேன். குடுக்கலன்னா கொட்டகை."

"நான் கேக்கறேன் மேடம். முப்பது வருசமா கேக்கறேன்."

"நீங்க அந்தத் தெரு இல்ல. அவங்கள எழுத்துல குடுக்கச் சொல்லுங்க."

இதில் என்ன கஷ்டம் என்று ஒரு குயர் பேப்பர் வாங்கிக்கொண்டு நேராக மேரியம்மா வீட்டுக்குப் போனேன். அந்த நிலத்துக்கு எதிரிலேயே வீடு. பேக்கிங் கம்பெனியில் நைட் ஷிப்டு. காலையில் வந்து படுத்தால் ஜன்னலுக்குக் கீழே தெருப்பிள்ளைகள் கூட்டமாகக் கிரிக்கெட் ஆடும். மூன்று வருடமாக அந்த அம்மாள் முழுசாக இரண்டு மணி நேரம் தூங்கினதில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்து, கம்பெனியில் நின்றபடியே தூங்கி, கன்வேயரில் கை போகப் பார்த்தது என்று சூப்பர்வைசர் இரண்டு முறை எச்சரித்திருந்தார். மூன்றாம் முறை என்றால் வேலை போய்விடும். "மேஸ்திரி, எனுக்குப் பூங்கா கூட வேணாம். இந்தப் புள்ளைங்கள எங்கியாச்சும் கொண்டும்போய்க் கொட்டு" என்று என்னிடமே அழுதவர்.

"மேரியம்மா, எதிர் எடத்துல பூங்கா வருது. பசங்க அங்க பூடும். நீ நிம்மதியா தூங்கலாம். மொதக் கையெழுத்து நீ போடு" என்றேன்.

பேனாவைப் பாம்பைப் பார்ப்பது போல் பார்த்தார். "யாரு எடத்துல? ஓ.எஸ்.ஆர். காரு எடத்துலயா? எனுக்கு ரெண்டு புள்ளைங்க கீது மேஸ்திரி."

"ஐயோ, அது ஆளே இல்லம்மா! ஓ.எஸ்.ஆர்.னா திறந்தவெளி ஒதுக்கீடு!"

"அப்போ ஏகாம்பரம் கடைல ரெண்டு டீ குட்ச்சது ஒதுக்கீடா?"

"அவன் கத உடறான். அது இங்கிலீசு. ஓப்பன் ஸ்பேஸ் ரிசர்வேஷன்."

"ரிசர்வேஷன் ரயிலுக்குத்தான பண்ணுவாங்க?" என்றார். அதற்குள் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. "மேஸ்திரிக்கு டப்பு குட்த்துட்டாங்கப்பா" என்றான் ஒருவன். "இல்ல நைனா, மெரட்டியிருக்காங்க, மூஞ்சப் பாரு" என்றான் இன்னொருவன். எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். கையெழுத்து மட்டும் யாரும் போடவில்லை.

ஏகாம்பரத்திடம் போனேன். "யோவ், நீ பாக்கலன்னு சொல்லுய்யா" என்றேன். அவர் டீயை ஒரு முழம் தூக்கி ஆற்றிக்கொண்டே, "மேஸ்திரி, மூணு வருசமா சொல்லிக்கினு கீறேன். இப்ப இல்லன்னா என் டீயையே எவனும் நம்ப மாட்டான்" என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

பத்து நாள் பேஜாரு. என் காவல்காரனே எனக்கு வழி விட மாட்டேன் என்கிறான். நான் பெற்ற பிள்ளை என்னையே வீட்டுக்குள் சேர்க்கவில்லை. ஆள் இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். இருக்கிறார் என்றால் கிட்டே வர மாட்டார்கள். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தபோதுதான் மின்னல் மாதிரி ஒன்று அடித்தது. இப்படிப்பட்ட யோசனை படித்தவர்களுக்கு வராது.

இருக்கிற ஆள் இல்லாமல் போவதற்கு நம் ஊரில் ஒரு வழி இருக்கிறதே!

பஜாரில் பிளக்ஸ் கடை வைத்திருக்கும் தனசேகரிடம் போனேன். "கண்ணீர் அஞ்சலி ஒண்ணு அடிக்கணும். ஆறுக்கு நாலு."

"யாரு தவறிட்டது?"

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு. ஓ.எஸ்.ஆர்.னு பேரு."

"போட்டோ குடு."

"போட்டோ இல்லப்பா. வெளக்கு படம் ஒண்ணு போட்டுடு."

தனசேகர் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்தார். "போட்டோ இல்லாம கண்ணீர் அஞ்சலியா? ஜனங்க நம்பவே மாட்டாங்க மேஸ்திரி. சாவே செல்லாது."

வேறு வழியில்லை. என் பர்சில் எப்போதும் இருக்கும் படத்தை எடுத்துக் கொடுத்தேன். வேலை நிரந்தரமான வருடம் எடுத்தது. அப்போது என்னைப் பார்த்துவிட்டு ஒரு சினிமாக் கம்பெனி ஆள் விசாரித்தான், நான்தான் போகவில்லை. தனசேகர் அந்தப் படத்துக்கு ஒரு மீசை வைத்தார். தலைப்பாகை வைத்தார். கறுப்புக் கண்ணாடி மாட்டினார். கழுத்தில் ஒரு செயின் போட்டார். பின்னால் மலை, அருவி, இரண்டு புறா. கீழே எழுத்து: 'கண்ணீர் அஞ்சலி. தெய்வத்திரு ஓ.எஸ்.ஆர். காரு அவர்கள் இயற்கை எய்தினார்.'

மறுநாள் விடிவதற்குள் போர்டுக்குப் பக்கத்திலேயே கட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல் ஒன்பது மணிக்கு அந்தப் பக்கம் போனேன். ஒரு பயம் இருந்தது. எவ்வளவு மீசை வைத்தாலும் என் முகத்தை மறைக்க முடியுமா? ஒருவனாவது கண்டுபிடிப்பான் என்று நினைத்தேன். பிளக்ஸுக்கு நேர் கீழேயே நின்றேன். ஒருவனும் கண்டுபிடிக்கவில்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

தெரு நிறையக் கூட்டம். பெண்கள் முந்தானையை வாயில் வைத்திருந்தார்கள். "இன்னா இருந்தாலும் நம்மள ஒரு வார்த்த சொன்னவரில்ல" என்றார் ஒருவர். "எடத்த அப்டியே உட்டு வெச்சிருந்தாரு, பெரிய மனசு" என்றார் இன்னொருவர். அதுவரை ஊரையே மிரட்டினவர், செத்த அரை மணி நேரத்தில் உத்தமராகிவிட்டார். மேரியம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, "அவராச்சும் நல்லா தூங்கட்டும்" என்றார்.

நான் போட்ட கணக்கு அத்தோடு முடிந்தது. ஆள் போனார், பயம் போனது, கையெழுத்து வாங்கிவிடலாம். தெரு போட்ட கணக்கு முடியவில்லை. ஒரு மனிதன் செத்தால் பதினாறாம் நாள் காரியம் என்று ஒன்று உண்டே? ஆந்திராவில் அவர் சொந்தக்காரர்கள் செய்வார்கள் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "நம்ம மண்ணுல எடம் வெச்சிருந்த மனுசன், நம்ம கடமைன்னு ஒண்ணு கீது" என்று தீர்மானித்துவிட்டார்கள். யார் செய்வது? எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

"ஏகாம்பரம், ஒனக்குத்தான் பழக்கம். ஒன் கைல டீ வாங்கிக் குட்ச்சவரு."

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். நான் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அந்த ஆள் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேராலும் சொல்ல முடியாது. பதினாறாம் நாள், அந்த நிலத்தின் நடுவில், போர்டு வைத்த அன்றே என் வழக்கப்படி நான் போட்டுவைத்த மின்கம்ப பெஞ்சில் அவரை உட்காரவைத்து, இருபது வருட மீசையையும் தலைமுடியையும் வழித்தார்கள். முதல் கத்தி பட்டபோது ஏகாம்பரம் கண்ணில் நீர் வந்தது. "பாத்தியா, எவ்ளோ பாசம்" என்றார்கள்.

பிறகு சோறு. எண்பது பேர் அந்த நிலத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மூன்று வருடமாகக் கால் வைக்காத இடம். பிள்ளைகள் சாப்பிட்ட கையோடு அங்கேயே ஓடிப் பிடித்து ஆடின. எதிர்வீட்டு ஜன்னல் பக்கம் சத்தமே இல்லை. மேரியம்மா சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தன் வீட்டு ஜன்னலையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"மேஸ்திரி, அந்தப் பேப்பரு எங்க?"

அன்று சாயந்திரத்துக்குள் தெருவே கையெழுத்துப் போட்டுவிட்டது. ஆனால் மனுவை எழுதினது அவர்கள். அதில் என்ன எழுதியிருந்தார்கள் என்றால், 'மறைந்த பெரியவர் ஓ.எஸ்.ஆர். அவர்கள் நினைவாக ஓ.எஸ்.ஆர். பூங்கா அமைத்துத் தர வேண்டும்.' நான் பார்ப்பதற்குள் ஆபீசில் கொடுத்து முத்திரையும் வாங்கிவிட்டார்கள்.

மறுநாள் மேடம் கூப்பிட்டார். "உக்காருங்க மேஸ்திரி."

முப்பத்தோரு வருடத்தில் எந்தச் செயல் அலுவலரும் என்னை உட்காரச் சொன்னதில்லை. சஸ்பெண்ட் செய்யப்போகிறவர்கள்தான் உட்காரச் சொல்வார்கள். ஓய்வுக்கு இன்னும் ஒன்பது நாள். உட்கார்ந்தேன்.

மேஜையில் மனு. பக்கத்தில் அவர் செல்போன். அதில் பிளக்ஸ் படம். தெருவைப் பார்க்கப் போனபோது அவரே எடுத்தது.

"யாரு இவரு?"

"ஓ.எஸ்.ஆர்., மேடம்."

"ஓ.எஸ்.ஆர்.னா என்னன்னு எனக்குத் தெரியும். படத்துல இருக்கறது யாரு?"

மேடம் பென்சிலை எடுத்தார். படத்தின் மேல் படுக்கவைத்து மீசையை மறைத்தார். விரலால் தலைப்பாகையை மறைத்தார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த நேரத்திலும் எனக்கு ஒரு சந்தோஷம். ஒருவராவது கண்டுபிடித்தாரே!

எல்லாவற்றையும் சொன்னேன். தகரம், சிவப்பு பெயிண்ட், டீ, பிளக்ஸ், மொட்டை. முழுக்கக் கேட்டார். பிறகு, "சரி. எழுத்துல குடுங்க" என்றார்.

அரை மணி நேரம் ஆயிற்று. நான் எழுதினது இன்றும் மனப்பாடம்: 'ஓ.எஸ்.ஆர். என்பவரை நான்தான் போர்டு எழுதிப் பிறக்கவைத்தேன். நான்தான் பிளக்ஸ் அடித்து இறக்கவைத்தேன். இதில் வேறு யாருக்கும் பங்கு இல்லை. ஏகாம்பரம் மொட்டை போட்டது மட்டும் அவர் சொந்தப் பொறுப்பு. பூங்காவை நிறுத்த வேண்டாம், என்னை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். இப்படிக்கு எத்திராஜ், பூங்கா மேஸ்திரி.'

மேடம் படித்தார். பென்சிலால் இரண்டு ஒற்று போட்டார். "'இறக்கவைத்தேன்'னு எழுதாதீங்க. கொலைக் கேசு மாதிரி இருக்கு" என்றார். பிறகு செல்போனை எடுத்து பிளக்ஸ் எழுத்தை மெதுவாக, ஒரு சட்டப் பிரிவு படிப்பது போல் படித்தார்.

"ஓ.எஸ்.ஆர். இயற்கை எய்தினார்." நிறுத்தினார். "திறந்தவெளி ஒதுக்கீடு இயற்கை எய்தினா, அதுக்குப் பேரு பூங்காதான மேஸ்திரி?"

எனக்கு அந்த அர்த்தம் அதுவரை தோன்றவே இல்லை. இப்போது கேட்கிறவர்களிடம், அதை யோசித்துத்தான் போட்டேன் என்று சொல்லிவருகிறேன்.

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. சிரித்தார் என்று எழுத்தில் கொடுக்க என்னால் முடியாது. முகத்தை நான் பார்க்கவில்லை. திரும்பினபோது பழைய முகம். மனுவின் ஓரத்தில் எழுதினார்: 'செந்தாமரை நகர் ஓ.எஸ்.ஆர். இடத்தில் ஓ.எஸ்.ஆர். பூங்கா அமைக்கப் பொதுமக்கள் எழுத்து மூலம் கோரியுள்ளனர். மன்றத்தின் முடிவுக்கு.' பேனாவை மூடிவிட்டு, "இதுல ஒரு எழுத்து பொய் இருந்தா சொல்லுங்க" என்றார். இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை.

என் வாக்குமூலத்தை நான்காக மடித்தார். பென்சில் தூள் உறைக்குள் போட்டு மூடினார். "இது இங்க இருக்கட்டும். அந்த பிளக்ஸ இன்னிக்கே கழட்டுங்க. இனிமே போர்டு எழுதறதுன்னா தகரத்த அளந்துட்டு எழுதுங்க."

மன்றத்தில் பூங்கா நிறைவேறியது. நான் ஓய்வுபெற்ற நாளில் மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள். எனக்கு அதெல்லாம் நினைவில்லை. அன்று மத்தியானம் அந்த நிலத்தில் முதல் பூவரசங்குழிக்கு வண்டல் போட்டது நினைவிருக்கிறது. ஏகாம்பரம் தொப்பி போட்டுக்கொண்டு வந்து தண்ணீர் ஊற்றினார்.

பிளக்ஸைக் கழற்றியது நான்தான். ஆனால் தெருக்காரர்கள் அதில் முகத்தை மட்டும் வெட்டிக் கேட்டு வாங்கி, சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். வருடா வருடம் அவர் 'தவறின' நாளில் பூவரசடியில் அதை வைத்து, மாலை போட்டுப் பொங்கல் வைக்கிறார்கள். எனக்கும் சொல்லி அனுப்புகிறார்கள். போகிறேன். என் படத்துக்கு நானே பூப் போட்டுவிட்டு, எனக்குப் படைத்த பொங்கலை நானே சாப்பிட்டுவிட்டு வருகிறேன். முந்திரி கொஞ்சம் கம்மி.

இந்த வருடம் காலையில் போனபோது மேரியம்மா அப்போதுதான் ஷிப்டு முடிந்து வந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுப்பு போய்விட்டது. கன்னத்தில்கூடக் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"மேஸ்திரி, ஒன் மூஞ்சி கொஞ்சம் ஓ.எஸ்.ஆர். காரு சாடைல கீது."

என் மார்பு விரிந்தது. "அப்டியா?"

"ம். ஆனா அவரு மூஞ்சில ஒரு களை கீது பாரு, அது ஒனக்குக் கடைசி வரிக்கும் வராது. அவரு படிச்ச மனுசன்."

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அது நான்தான், அந்தக் களை என் களைதான் என்று தெருவே கேட்கக் கத்தியிருப்பேன். அதற்குள் மேரியம்மா வாய் நிறையக் கொட்டாவி விட்டார். பிள்ளைகள் பூங்காவின் அந்தக் கோடியில் கத்திக்கொண்டிருந்தன. "வரேன் மேஸ்திரி, தூக்கம் கண்ண சொக்குது" என்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சொன்னால் தூக்கம் கெட்டுவிடுமே என்று விட்டுவிட்டேன். முப்பத்தோரு வருட வேலையில் நான் என்னைப் பற்றிச் சொல்லாமல் விட்ட ஒரே விஷயம் அதுதான். இந்த மலர் செந்தாமரை நகர்ப் பக்கம் போகாது என்று செயலாளர் சத்தியம் செய்திருக்கிறார். எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறேன்.